1,200 சி.சி. என்னும் லட்சுமணக் கோடு

கோல்ஃப் ஜிடிஐ என்ற காரை 2025ஆம் ஆண்டு மே மாதம் ஃபோக்ஸ்வேகன் நிறுவனம் இந்தியாவில் விற்பனைக்குக் கொண்டு வந்தது. ஷோரூம் விலை ரூ. 52.99 லட்சம். முதல் தவணையாக ஒதுக்கப்பட்டவை 150 கார்கள் மட்டுமே. விலை அறிவிக்கப்படும் முன்னரே அத்தனைக்கும் முன்பதிவு முடிந்துவிட்டது. 140 கோடி மக்கள் வாழும் நாட்டுக்கு 150 கார்கள்! ஐரோப்பாவில் 1976 முதல் விற்பனையாகி வரும் இந்த வகைக் கார், அங்கே மாதச் சம்பளக்காரர் தவணை முறையில் வாங்கக்கூடிய ஒன்று. உருவத்தில் சிறியது, ஓட்டத்தில் வலியது என்பதே அதன் சிறப்பு. இந்தியக் கரையைத் தொட்டதும் அது அரைக் கோடி ரூபாய் காட்சிப் பொருளாகிவிடுகிறது.

இது முதல் முறையன்று. 2016 நவம்பரில் இதே நிறுவனம் போலோ ஜிடிஐ காரை இறக்குமதி செய்து ரூ. 25.99 லட்சம் என விலை வைத்தது. வந்தவை 99 கார்கள். அடுத்த ஆண்டே விலை ரூ. 19.99 லட்சமாகக் குறைக்கப்பட்டது. 192 குதிரைத் திறன் கொண்ட அந்தக் கார் நான்கு மீட்டர் நீளத்துக்குள் அடங்குவது. அதே போலோவின் சாதாரண வகைகள் அப்போது புணேயை அடுத்த சாகன் ஆலையில் தயாராகிக் கொண்டிருந்தன. ஆற்றல் மிக்க வகை மட்டும் கப்பலேறி வந்தது.

அரிசி, பருப்பு விலை பற்றிக் கவலைப்பட வேண்டிய நாட்டில் வேகமான சிறிய கார் கிடைக்கவில்லை என்பது ஒரு குறையா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால், இதற்குப் பின்னால் இருப்பது ஒரு சிலரின் ஆசை மட்டுமல்ல. எந்தக் காரை இந்திய நடுத்தரக் குடும்பம் வாங்கலாம், எதை வாங்கக் கூடாது என்பதை சுமார் இருபது ஆண்டுகளாக ஒரு வரி அறிவிக்கை தீர்மானித்து வருகிறது. அந்த அறிவிக்கை அளப்பது எரிபொருள் செலவையோ, புகையையோ, பாதுகாப்பையோ அல்ல. என்ஜினின் கொள்ளளவையும் காரின் நீளத்தையும் மட்டுமே. அந்த அளவுகோல் சரியானதுதானா என்பதே இங்கு எழும் கேள்வி.

2006இல் போட்ட கோடு: அன்றைய மத்திய நிதியமைச்சர் ப. சிதம்பரம் 2006 பிப்ரவரி 28ஆம் தேதி தாக்கல் செய்த நிதிநிலை அறிக்கையில், சிறிய கார்களுக்கான கலால் வரி 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. நீளம் 4,000 மில்லி மீட்டருக்கு மேற்படாமலும், பெட்ரோல் என்ஜினாக இருந்தால் 1,200 சி.சி.க்கும், டீசல் என்ஜினாக இருந்தால் 1,500 சி.சி.க்கும் மேற்படாமலும் உள்ள காரே சிறிய கார் என்று அப்போது வரையறுக்கப்பட்டது. சிறிய, எரிபொருளைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் கார்களின் உற்பத்தி மையமாக இந்தியாவை மாற்ற வேண்டும் என்பதே நோக்கம். நோக்கத்தில் பழுதில்லை. அது பலிக்கவும் செய்தது. ஸ்ரீபெரும்புதூர், மானேசர், சாகன், சாணந்த் என்று ஊர் ஊராகச் சிறிய கார் ஆலைகள் பெருகின, ஏற்றுமதி உயர்ந்தது.

ஆனால், ஊக்குவிப்பதற்காகப் போட்ட கோடு நாளடைவில் வேலியாகிவிட்டது. 2005இல் 1.3 லிட்டர் பெட்ரோல் என்ஜினுடன் வந்த மாருதி ஸ்விஃப்ட், 2010இல் 1.2 லிட்டருக்கு இறங்கியது. 4,160 மி.மீ. நீளமிருந்த டிசையர், 2012இல் பின்புறம் குறுக்கப்பட்டு 3,995 மி.மீ. ஆயிற்று. மறைமலை நகரில் தயாரான ஃபோர்டு ஈகோஸ்போர்ட்டின் நீளம் 3,999 மி.மீ.! ஒரு மில்லி மீட்டர் இடைவெளியில் வரி தப்பியது. வாடிக்கையாளர் கேட்டு நிகழ்ந்த மாற்றங்களா இவை? பெட்டி வைக்கும் இடத்தைக் குறைத்துக் கொடுங்கள் என்று எந்தக் குடும்பமும் மனுப் போட்டதாகத் தெரியவில்லை. வரைபட மேசையில் பொறியாளருக்குப் பக்கத்து நாற்காலியில் வரி ஆலோசகர் உட்கார்ந்ததன் விளைவு அது.

எட்டிலிருந்து இருபத்திரண்டு: அதிகம் பேசப்படாத செய்தி ஒன்று உண்டு. கோட்டுக்கு இப்புறமும் அப்புறமும் உள்ள கார்களுக்கு இடையிலான வரி வித்தியாசம் 2006இல் எட்டுப் புள்ளிகள். 2008 நிதிநிலை அறிக்கையில் சிறிய கார் வரி 12 சதவீதமானபோது அது பன்னிரண்டு புள்ளிகளாயிற்று. 2017 ஜூலையில் சரக்கு, சேவை வரி நடைமுறைக்கு வந்து, அதே ஆண்டு செப்டம்பரில் மேல்வரி உயர்த்தப்பட்ட பிறகு, சிறிய பெட்ரோல் காருக்கு மொத்தம் 29 சதவீதம், அதை அடுத்த பிரிவுக்கு 45 சதவீதம் என்றானது. வித்தியாசம் பதினாறு புள்ளிகள்.

2025 செப்டம்பர் 3ஆம் தேதி கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சிலின் 56ஆவது கூட்டம் வரி விகிதங்களை எளிமைப்படுத்தியது. செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு 18 சதவீதம், மற்ற பெட்ரோல், டீசல் கார்களுக்கு 40 சதவீதம். இரு தரப்புக்கும் வரி குறைந்தது உண்மை, வரவேற்கத்தக்கதும்கூட. ஆனால், கோட்டின் இரு கரைகளுக்கு இடையே உள்ள பள்ளம் இருபத்திரண்டு புள்ளிகளாக ஆழமாகிவிட்டது. வரிக்கு முன் ரூ. 8 லட்சம் மதிப்புள்ள கார், கோட்டுக்குள் இருந்தால் ரூ. 9.44 லட்சம், என்ஜின் ஒரே ஒரு சி.சி. கூடினாலும் ரூ. 11.20 லட்சம். ரூ. 1.76 லட்சம் கூடுதல். இதற்கு மேல் மாநிலச் சாலை வரி வேறு. தமிழகத்தில் 2023 நவம்பரில் மாற்றியமைக்கப்பட்ட விகிதப்படி ரூ. 10 லட்சத்தைத் தாண்டும் கார் 13 சதவீதப் படியிலிருந்து 18 சதவீதப் படிக்கு ஏறிவிடும். ஆக, மத்திய அரசின் பள்ளத்தில் விழுபவர் மாநில அரசின் பள்ளத்திலும் விழுகிறார்.

இந்த 40 சதவீதப் பிரிவில் உடன் இருப்பவை எவை? சூதாட்ட விடுதிகள், பந்தயம், இணைய வழிச் சூது, இனிப்பூட்டிய குளிர்பானங்கள். நான்கு மீட்டருக்குள் அடங்கும் ஒரு 1.3 லிட்டர் பெட்ரோல் காரும் இவற்றோடு ஒரே வரிசையில் நிற்கிறது.

அளவுகோலின் விந்தை: என்ஜின் கொள்ளளவை வைத்து ஆற்றலை மதிப்பிடுவது காலாவதியான கணக்கு. காற்றை அழுத்திச் செலுத்தும் டர்போ தொழில்நுட்பம் பரவிய பிறகு, சிறிய என்ஜினே பெரிய என்ஜினின் வேலையைச் செய்கிறது. 2021இல் வந்த ஹூண்டாய் ஐ20 என் லைன் காரின் 998 சி.சி. என்ஜின் தருவது 120 குதிரைத் திறன். இத்தகைய கார் 18 சதவீதப் பிரிவில் வரும். மாருதி ஜிம்னியின் நீளம் 3,985 மி.மீ.; 1,462 சி.சி. என்ஜின் தருவது சுமார் 105 குதிரைத் திறன். அதற்கு 40 சதவீதம். ஆற்றல் குறைந்த காருக்கு வரி அதிகம், ஆற்றல் கூடிய காருக்கு வரி குறைவு. ஆடம்பரத்தைத் தடுப்பதுதான் அரசின் எண்ணம் என்றால் அந்த எண்ணம் இங்கே தலைகீழாக நிற்கிறது.

மின்சாரக் காரின் நிலை இன்னும் விசித்திரம். நீளம், ஆற்றல், விலை எதுவானாலும் அதற்கு 5 சதவீதம்தான். ஒரு கோடி ரூபாய்க்கு மேல் விலையுள்ள மின்சாரக் காருக்கு 5 சதவீதம், பத்து லட்ச ரூபாய் சிறிய பெட்ரோல் காருக்கு 40 சதவீதம் என்பதைச் சமூக நீதி என்று எவரும் சொல்ல முடியாது. மின்சார வாகனத்துக்குச் சலுகை தேவை என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால், அங்கே புகையை அளக்கும் அரசு, பெட்ரோல் காருக்கு மட்டும் நீளத்தை அளப்பது ஏன்?

இரு சக்கர வாகனங்களிலும் இதே கதைதான். 350 சி.சி. வரை 18 சதவீதம், அதற்கு மேல் 40 சதவீதம். சென்னைப் புறநகரில் தயாராகும் ராயல் என்ஃபீல்டின் 349 சி.சி. வண்டி ஒரு பக்கம், அதே நிறுவனத்தின் 450, 650 சி.சி. வண்டிகள் மறு பக்கம். உலகச் சந்தையில் இந்தியாவின் பெயரைச் சொல்லும் வண்டிகள் சொந்த நாட்டில் சூதாட்ட விடுதிக்குச் சமமாக வரி கட்டுகின்றன.

ஏற்றுமதிக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று: குஜராத்தில் தயாராகும் மாருதி சுஸுகி ஃபிரான்க்ஸ் 2024 முதல் ஜப்பானுக்கு ஏற்றுமதியாகிறது. ஜப்பானியருக்குச் செல்லும் காரில் 1.5 லிட்டர் என்ஜின். விரும்பினால் நான்கு சக்கர இயக்கமும் உண்டு. இந்தியருக்கு 1.2 லிட்டர் அல்லது 1.0 லிட்டர் டர்போ. ஒரே ஆலை, ஒரே தொழிலாளர், 3,995 மி.மீ. கொண்ட ஒரே உடல். இதயம் மட்டும் வேறு. 1,200 சி.சி. கோட்டை நினைவில் வைத்துப் பார்த்தால் இதன் காரணம் எளிதில் விளங்கும். சுஸுகியின் ஸ்விஃப்ட் ஸ்போர்ட் ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் இளைஞர்களின் விருப்பத்துக்குரிய காராக இருந்தது. ஸ்விஃப்ட் கார்களை லட்சக்கணக்கில் தயாரிக்கும் இந்தியாவில் அது ஒருபோதும் விற்பனைக்கு வரவில்லை. அதன் 1.4 லிட்டர் டர்போ என்ஜினுக்கு இங்கே காத்திருப்பது அதிகபட்ச வரி.

உள்நாட்டில் தயாரிக்க வரி தடை. வெளிநாட்டிலிருந்து தருவிக்கத் தீர்வை தடை. 2023 நிதிநிலை அறிக்கையில், 40 ஆயிரம் டாலருக்குக் குறைந்த மதிப்புள்ள முழு இறக்குமதிக் கார்களுக்கான சுங்கத் தீர்வை 60 சதவீதத்திலிருந்து 70 சதவீதமாக உயர்த்தப்பட்டது. துறைமுகத்தில் ரூ. 20 லட்சம் மதிப்புடன் இறங்கும் கார், 70 சதவீதத் தீர்வையில் ரூ. 34 லட்சமாகும், அதன் மீது 40 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்தால் ரூ. 47.60 லட்சம். விற்பனையாளரின் லாபம், சாலை வரி, காப்பீடு ஆகியவை இதில் சேரவில்லை. காரின் விலையைவிட அரசுக்குச் செல்லும் தொகை அதிகம்.

எண்ணிக்கைக்கும் இதே போன்ற காரணம் உண்டு. இந்தியாவில் தனியே சோதனைக்கு உள்படுத்தாமல் ஒரு நிறுவனம் ஆண்டுக்கு 2,500 வாகனங்கள் வரை இறக்குமதி செய்யலாம் என்று 2018இல் விதி தளர்த்தப்பட்டது. அந்த வாசல் வழியாகத்தான் 150, 100 என்று கார்கள் எட்டிப் பார்க்கின்றன. இவ்வளவு விலைக்கு ஆயிரக்கணக்கில் விற்காது என்பது நிறுவனங்களுக்குத் தெரியும். எனவே, குறைவான எண்ணிக்கையையே கௌரவமாக்கி விற்கின்றன. முதலில் கிடைக்காமல் செய்வது, பிறகு கிடைக்காததையே பெருமையாக்குவது என்ற வணிகத் தந்திரத்துக்கு அரசின் கொள்கையே முதலீடு.

மறுதரப்பு வாதங்கள்: இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்கள் வலுவற்றவை அல்ல. முதலாவது, சாலைப் பாதுகாப்பு. 2022இல் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர் என்பது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட கணக்கு. இந்த நிலையில் வேகமான கார்களுக்கு வழிவிடலாமா? விடலாம் என்று அவசரப்பட்டுச் சொல்லிவிட முடியாது. ஆனால், இப்போதைய வரி வேகத்தைத் தடுக்கவில்லை என்பதே உண்மை. 120 குதிரைத் திறன் கார் குறைந்த வரியில் கிடைக்கிறது. அதைவிடப் பன்மடங்கு ஆற்றலும் எடையும் கொண்ட மின்சார வாகனம் மிகக் குறைந்த வரியில் கிடைக்கிறது. வேகத்தைத் தடுப்பது போக்குவரத்துக் காவலரின் பணி. கலால் அட்டவணையின் பணியன்று. நல்ல பிரேக், உறுதியான உடற்கூடு, சறுக்கலைத் தடுக்கும் மின்னணுச் சாதனம் ஆகியவற்றுக்குச் செலவிட வேண்டிய தொகையை வரி விழுங்கிவிட்டால் பாதுகாப்புக்கும் அது கேடு.

இரண்டாவது வாதம், வாங்குவதற்கு ஆளில்லை என்பது. இதையும் முற்றாக மறுப்பதற்கில்லை. 2015இல் 145 குதிரைத் திறனுடன் ரூ. 9.95 லட்சத்துக்கு வந்த ஃபியட் அபார்த் புன்டோ ரசிகர்களின் பாராட்டைப் பெற்றது, வாடிக்கையாளர்களைப் பெறவில்லை. 2017இல் வந்த பலேனோ ஆர்எஸ், குறைந்த வரிப் பிரிவிலேயே இருந்தும் 2020இல் விடைபெற்றது. கோயம்புத்தூரின் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ் நிறுவனமும் டாடா மோட்டார்ஸும் கூட்டாக உருவாக்கிய டியாகோ ஜேடிபி 2018 அக்டோபரில் ரூ. 6.39 லட்சத்துக்கு வந்தது. 114 குதிரைத் திறன் கொண்ட காருக்கு அது வியக்கத்தக்க விலை. பந்தயக் கார்களுக்குப் பெயர் பெற்ற கொங்கு மண்ணின் கைவண்ணம் கடைக்கோடி இந்தியனுக்கும் எட்டும் விலையில் வந்தது என்று பலர் மகிழ்ந்தனர். ஆனால், 2020இல் அந்தக் கூட்டு முயற்சியே முடிவுக்கு வந்தது.

ஆகவே, வரியைக் குறைத்துவிட்டால் மறுநாளே இத்தகைய கார்கள் தெருவெங்கும் ஓடும் என்று சொல்வது மிகை. எனினும், ஒன்றைக் கவனிக்க வேண்டும். டியாகோ ஜேடிபி கோட்டுக்குள் இருந்ததால்தான் ரூ. 6.39 லட்சத்துக்கு வர முடிந்தது, புன்டோவின் 1.4 லிட்டர் என்ஜின் கோட்டைத் தாண்டியதால் விலையில் போட்டியிட முடியவில்லை. சந்தையில் தோற்பது வேறு. சந்தைக்கே வர முடியாமல் போவது வேறு. முதலாவது வாங்குவோரின் தீர்ப்பு. இரண்டாவது அதிகாரியின் தீர்ப்பு.

அவை விவாதிக்காத அறிவிக்கை: அந்தத் தீர்ப்பு எங்கே எழுதப்பட்டது என்பதுதான் அரசியல் ஆர்வமுள்ளோர் கேட்க வேண்டிய கேள்வி. கலால் வரிக் காலத்திலும் சரி, ஜி.எஸ்.டி. காலத்திலும் சரி, 1,200 சி.சி., 4,000 மி.மீ. என்ற எண்கள் அறிவிக்கையின் அட்டவணையில் இடம்பெறுபவை. அறிவிக்கைகள் நாடாளுமன்றத்தின் மேஜையில் வைக்கப்படுகின்றன. எடுத்துப் படிப்பவர் அரிது. நிதிநிலை அறிக்கை மீதான விவாதத்தில் விலைவாசி உண்டு, விவசாயி உண்டு, வசைமாரியும் உண்டு. வரி அட்டவணையின் வரையறைக்கு நேரம் இருப்பதில்லை.

2017க்குப் பிறகு முடிவெடுக்கும் இடம் ஜி.எஸ்.டி. கவுன்சிலுக்கு மாறியது. அரசமைப்புச் சட்டத்தின் 279ஏ பிரிவின்படி அமைந்த அந்த அவையில் மத்திய அரசின் வாக்குக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பும், மாநிலங்களின் வாக்குகளுக்கு மூன்றில் இரண்டு பங்கு மதிப்பும் உண்டு. கவுன்சிலின் பரிந்துரைகள் நாடாளுமன்றத்தையோ சட்டப்பேரவைகளையோ கட்டுப்படுத்துபவை அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம் தெளிவுபடுத்தியது. அதாவது, மக்கள் பிரதிநிதிகளுக்குக் கேள்வி கேட்கும் உரிமை மட்டுமல்ல, மாற்றும் அதிகாரமும் இருக்கிறது. கார் உற்பத்தியில் முன்னணியில் நிற்கும் தமிழகம், மகாராஷ்டிரம், குஜராத், ஹரியாணா ஆகிய மாநிலங்கள் ஒன்று சேர்ந்து இந்த வரையறையை மறு ஆய்வு செய்யக் கோரினால் அதைப் புறக்கணிப்பது எளிதாக இராது.

மாற்று வழி: புதிய அளவுகோலைத் தேடி வெகு தொலைவு செல்ல வேண்டியதில்லை. பிரான்ஸில் புதிய காரின் மீதான கூடுதல் வரி, கிலோ மீட்டருக்கு வெளியாகும் கரியமில வாயுவின் அளவைப் பொருத்து உயர்கிறது. 2022 முதல் மிகு எடைக்கும் தனி வரி உண்டு. ஜப்பானிலும் கே கார் எனப்படும் 660 சி.சி. மிகச் சிறிய கார்களுக்குச் சலுகை இருக்கிறது. ஆனால், அதைத் தாண்டிய கார்களுக்கான ஆண்டு வரி படிப்படியாகவே ஏறுகிறது. ஒரே படியில் பள்ளத்தில் தள்ளிவிடுவதில்லை.

இந்தியாவிலும் கருவிகள் கைவசம் உள்ளன. ஒவ்வொரு நிறுவனத்தின் கார்களும் சராசரியாக எவ்வளவு கரியமில வாயுவை வெளியிடலாம் என்பதற்கு 2017 முதல் வரம்பு இருக்கிறது. 2022இல் அது மேலும் இறுக்கப்பட்டது. மோதல் சோதனையில் கார்களுக்கு நட்சத்திர மதிப்பீடு வழங்கும் பாரத் என்கேப் திட்டம் 2023 அக்டோபரில் தொடங்கியது. ஆகவே, ஒரு கார் எவ்வளவு புகை விடுகிறது, விபத்தில் எவ்வளவு காக்கிறது என்ற இரு கணக்குகளும் அரசின் கைக்கு எட்டும் தூரத்தில்தான் உள்ளன. இவற்றை அடிப்படையாகக் கொண்டு, 18க்கும் 40க்கும் இடையே இரண்டு மூன்று படிகளை அமைத்தால் கருவூலத்துக்குப் பெரும் நஷ்டம் வராது. சிக்கனமான 1.3 லிட்டர் காருக்கு நியாயம் கிடைக்கும். சிக்கனமற்ற காருக்குச் சலுகை போகும். மாருதி 800 வாங்கிய தலைமுறையின் பிள்ளைகள் இன்று வாங்க நினைக்கும் சிறிய கார் எப்படி இருக்க வேண்டும் என்பதைப் பொறியாளரும் வாடிக்கையாளரும் தீர்மானிப்பார்கள்.

இறக்குமதித் தீர்வையில் மாற்றங்கள் தொடங்கிவிட்டன. 2025 ஜூலையில் பிரிட்டனுடன் கையெழுத்தான வர்த்தக ஒப்பந்தம், குறிப்பிட்ட எண்ணிக்கை வரையிலான கார்களுக்குத் தீர்வையைப் படிப்படியாக 10 சதவீதத்துக்குக் கொண்டு வர வகை செய்கிறது. வெளிநாட்டு ஆலைகளுக்குக் கதவைத் திறக்கும் வேளையில், உள்நாட்டு ஆலையை மட்டும் 2006ஆம் ஆண்டின் கோட்டுக்குள் கட்டிப் போடுவது முரண். பிரிட்டனில் தயாராகும் காருக்குத் தீர்வையில் இறங்கி வரும் தில்லி, இருங்காட்டுக்கோட்டையிலும் சாணந்திலும் தயாராகக்கூடிய காருக்கு இறங்கி வர மறுப்பதற்கு என்ன காரணம் சொல்லும்?

இராமாயணத்தில் லட்சுமணன் போட்ட கோடு, உள்ளே இருப்பவரைக் காப்பதற்காகப் போடப்பட்டது என்று கதை சொல்வார்கள். 1,200 சி.சி. கோடு யாரைக் காக்கிறது? ஏழையை அன்று, அவர் பேருந்தில் நிற்கிறார். சுற்றுச்சூழலை அன்று, அது புகையை அளக்கவே இல்லை. கோட்டைப் போட்டவர்கள் நல்ல எண்ணத்தில் போட்டார்கள். அதை அழித்துச் சரியாகப் போடும் பொறுப்பு, இன்று நாடாளுமன்றத்திலும் ஜி.எஸ்.டி. கவுன்சிலிலும் அமர்ந்திருப்பவர்களுடையது.